ஏர்பிரஷ் வாங்கப் போகிறீர்களா? முதலில் பெயிண்டையும் காற்றையும் பாருங்கள்

ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி, வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “0.2 எடுப்பதா, 0.3 எடுப்பதா?” என்பதுதான். அந்த எண், பெயிண்ட் வெளியேறும் நாசில் முனையில் இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். எண் சிறுத்தால் வேலை நுணுக்கமாகிவிடும் என்று நம்பி 0.2 எடுத்துப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே அடைப்பெடுத்துச் சலித்துப் போகிறார்கள். நம் மலேசியச் சூட்டில் தண்ணீர் கலந்த அக்ரிலிக், நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையிலேயே காய்ந்து ஒட்டும். தங்கம், வெள்ளி நிறப் பெயிண்டில் இருக்கும் உலோகத் துகள்களுக்கு 0.2 துளை போதாது. மெல்லிய கோடு விழுவது துளையால் மட்டும் அல்ல. பெயிண்ட் எவ்வளவு நீர்த்திருக்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு குறைவு, முனை எவ்வளவு கிட்டே இருக்கிறது, விரல் எவ்வளவு குறைவாக இழுக்கிறது என்ற நான்கும் சேர்ந்துதான் கோட்டைத் தீர்மானிக்கின்றன. நன்றாக நீர்த்த பெயிண்டில் 0.3 நாசிலே பென்சில் கோட்டை விட மெல்லிய கோடு போடும்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எதன் மேல் அடிக்கப் போகிறீர்கள்? எந்தப் பெயிண்ட்? எவ்வளவு பரப்பு?

குண்டாம் (Gundam) எனும் ஜப்பானிய ரோபோ பொம்மைகள், 1/24 அளவு கார்கள், சிறு போர்வீரர் உருவங்கள் என்றால் 0.3 போதும். நவராத்திரிக் கொலுவுக்குப் பழைய பொம்மைகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு 0.3 முதல் 0.4 வரை. மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் பெயிண்டை உறிஞ்சும் என்பதால் அவற்றுக்கு முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டும். அந்தப் பிரைமரை 0.3இல் அடிப்பது பொறுமைச் சோதனை. டி-சட்டை, மேடைப் பின்னணித் தட்டி, காவடி அலங்காரம் எல்லாம் 0.5 பக்கம். நாற்பது சென்டிமீட்டர் மயில் தோகையை 0.2 கொண்டு நிரப்ப உட்கார்ந்தால் தைப்பூசம் வந்துவிடும்.

காவடி பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பத்துமலைக்கும் பினாங்கு தண்ணீர்மலைக்கும் காவடி கட்டுகிறவர்களில் பலர் போலிஸ்டைரின் நுரையில் மயிலும் வேலும் செதுக்குகிறார்கள். இந்த நுரையின் மேல் லேக்கர் (கரைப்பானில் கலந்த, வேகமாகக் காயும் பெயிண்ட்), எனாமல், கடைகளில் கிடைக்கும் ஸ்பிரே டின் எதையும் நேரடியாக அடிக்காதீர்கள். கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். மயிலின் கழுத்து உங்கள் கண்முன்னேயே குழிந்து போகும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்தான் பாதுகாப்பு. முதலில் தூரிகையால் இரண்டு பூச்சு அக்ரிலிக் அடித்து நுரையின் துளைகளை மூடுங்கள், அதன் மேல் ஏர்பிரஷ். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை ஏர்பிரஷில் ஊற்ற வேண்டாம். அதன் நிறத்துகள் கரடுமுரடு. வடிகட்டி நீர்த்தாலும் 0.8, 1.0 துளையுள்ள சிறு ஸ்பிரே கன்தான் அதற்கு ஏற்றது.

கேக் அலங்காரத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால் அது தனிக் கருவி. ஒரு தடவை லேக்கர் போன ஏர்பிரஷை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது இயக்கும் முறை. டபுள் ஆக்ஷனில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். இரண்டையும் ஒரே விரல் தனித்தனியாக ஆள்கிறது. சிங்கிள் ஆக்ஷனில் அழுத்தினாலே இரண்டும் வரும். பெயிண்டின் அளவைத் திருகில் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். “புதியவருக்கு சிங்கிள் ஆக்ஷன்” என்று கடைகளில் சொல்வார்கள். ஒரே நிறத்தைப் பரப்பாக அடிக்க மட்டும் வாங்குகிறவருக்கு அது சரி. நிழல் விழவைக்க, நிறத்தோடு நிறம் கலக்க நினைக்கிறவருக்கு அது ஆறு மாதத்தில் வீண் செலவு. டபுள் ஆக்ஷன் இரண்டு வாரப் பழக்கம்தான். இதில் ஒரே விதி: தொடங்கும்போது காற்று முதலில், பெயிண்ட் பிறகு, நிறுத்தும்போது பெயிண்ட் முதலில், காற்று கடைசியில். இந்த வரிசை மாறினால் கோட்டின் இரு முனையிலும் சொட்டு விழும். துப்பாக்கி விசை போல் இழுக்கும் வகையும் உண்டு. மணிக்கணக்கில் பெரிய பரப்பு அடிக்கிறவர்களின் ஆள்காட்டி விரலுக்கு அது ஆறுதல்.

பெயிண்ட் வைக்கும் இடம்: மேல் கப், கீழ்ப் புட்டி, பக்கவாட்டுக் கப். மேல் கப்பில் பெயிண்ட் தானாகவே இறங்கும். குறைந்த அழுத்தம் போதும், கடைசித் துளி வரை வீணாகாது, கழுவுவது எளிது. கீழ்ப் புட்டியில் காற்று பெயிண்டை உறிஞ்சித் தூக்க வேண்டும், அதனால் அழுத்தம் கூடுதலாக வேண்டும். ஆனால் ஐந்து நிறத்தை ஐந்து புட்டியில் கலந்துவைத்து மாற்றி மாற்றிப் போடலாம். டி-சட்டைக்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள். மற்றவர்கள் மேல் கப் எடுங்கள்.

இனி, விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒன்று: நாசில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? சில கருவிகளில் கடுகளவு நாசில் மரையில் திருகப்பட்டிருக்கும். அதற்குத் தனியாகச் சிறு ஸ்பேனர் தருவார்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்கினால் கழுத்து முறிந்து, மரைத் துண்டு உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். அதை எடுப்பது பல் பிடுங்குவது போல. இன்னொரு வகையில் நாசில் சற்றுப் பெரிய கூம்பாக, மரையே இல்லாமல் உள்ளே உட்காரும். முன்மூடியைத் திருகினால் அதுவே இறுகும். புதியவருக்கு இந்த இரண்டாவது வகைதான் நல்லது. ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் கருவிகளும், 0.35 நாசில் கொண்ட இவாட்டா எக்லிப்ஸ் ஹெச்.பி.-சி.எஸ். கருவியும் இப்படித்தான். ஜப்பானின் மிஸ்டர் ஹாபி ப்ரோகான் பாய் வரிசையில் பி.எஸ். 289 என்பது 0.3 டபுள் ஆக்ஷன். மாடல் செய்கிறவர்களின் மேசையில் அடிக்கடி காணலாம். அதில் நாசில் மரை வகை, எனவே ஸ்பேனரை இரண்டு விரலால் மட்டும் பிடியுங்கள். பெரிய பரப்புக்கு அமெரிக்காவின் பேட்ஜர் பேட்ரியட் 105, நாசில் 0.5. முரட்டுக் கருவி, உலோக நிறத்துக்கும் பிரைமருக்கும் முகம் சுளிக்காது.

நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும் பெயரில்லாச் சீனக் கருவிகளை முழுக்கத் தள்ளிவிட வேண்டியதில்லை. அவற்றில் சில நன்றாகவே அடிக்கும். சிக்கல் என்னவென்றால், ஒரே பெட்டி, ஒரே படம், உள்ளே இருப்பது ஆளுக்கு ஒரு விதம். நாசிலின் இருக்கை சற்றே கோணலாகக் கடையப்பட்டிருந்தால் கப்பில் குமிழ் வரும், அதற்கு மருந்து இல்லை. அப்படி ஒன்றை எடுப்பதானால் பிரைமருக்கும் வார்னிஷுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கருவியின் நாசிலைத் தேய்மானத்திலிருந்து காப்பாற்றும் வேலைக்காரன் அது. எந்தக் கருவியானாலும் பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வி: இதற்கு ஊசியும் நாசிலும் தனியாக இங்கே கிடைக்குமா? ஊசி வளைவது இன்றோ நாளையோ நடக்கும். உதிரிக்காக மூன்று வாரம் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய கருவி எவ்வளவு மலிவானாலும் மலிவல்ல.

கோலாலம்பூரின் சுங்கை வாங், டைம்ஸ் ஸ்குவேர் போன்ற பேரங்காடிகளில் உள்ள மாடல் கடைகளுக்கு நேரில் போனால் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஊசியை வெளியே எடுத்து, முனையை நகத்தின் மேல் பட்டும் படாமல் சுழற்றி இழுங்கள். கீறினால் முனை வளைந்திருக்கிறது. கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கி நாசில் வாயைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டும், விரிசல் கூடாது. ஊசியைச் சுற்றி உள்ளே இருக்கும் அடைப்பு வளையம் டெஃப்ளானா, ரப்பரா என்று கேளுங்கள். லேக்கரை நீர்க்கவைக்கும் கரைப்பானான தின்னருக்கு ரப்பர் ஊதிப்போகும். ஊதினால் விசை கனக்கும்.

ஆன்லைனில் 11.11 மலிவு விற்பனையில் எடுக்கிறவர்கள் இரண்டைப் பாருங்கள். ஒன்று ஹோஸ் மரை: இவாட்டா, ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், பெரும்பாலான சீனக் கருவிகள் 1/8 அங்குலம், பேட்ஜருக்குத் தனி மரை, இணைப்பி வேண்டும். இரண்டாவது மின்சாரம்: நம் நாட்டில் 230-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று செவ்வகக் கால் பிளக். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் 110 வோல்ட்டில் மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

கம்ப்ரசருக்கு வருவோம். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் இங்கே போக வேண்டும், ஆனால் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: விலை உயர்ந்த ஏர்பிரஷ், கையடக்க பேட்டரி பம்ப். அந்தப் பேட்டரி பம்ப் தொட்டுத் திருத்தத்துக்கும் பழகுவதற்கும் பரவாயில்லை. அதன் அழுத்தத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடியாது, ஈரத்தைப் பிடிக்க வழியில்லை, 0.5 நாசிலுக்கு மூச்சு வாங்கும்.

கொண்டோவிலும் ஃபிளாட்டிலும் இருக்கிறவர்களுக்கு 3 லிட்டர் தொட்டியோடு வரும் எண்ணெய் இல்லாத பிஸ்டன் கம்ப்ரசர்தான் நடுவழி. ஏ.எஸ். 186 என்ற எண்ணில் பல பெயர்களில் கிடைப்பது இதுதான். நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் காற்று, அழுத்தம் 4 பார் (bar, காற்றழுத்த அலகு) ஏறியதும் தானாக நிற்கும், 3 பார் வரை இறங்கியதும் மீண்டும் ஓடும். தொட்டி இல்லாத பம்பில் பிஸ்டனின் துடிப்பு ஹோஸ் வழியே வந்து, மெல்லிய கோட்டில் மணி கோத்தது போல் தெரியும். தொட்டி அந்தத் துடிப்பை விழுங்கிவிடும். பம்பும் இடையிடையே ஓய்வெடுக்கும். அரை மணி நேரம் விடாமல் ஓடினால் தலைப்பகுதியைத் தொட முடியாத சூடு. கால் மணி நேரம் நிறுத்துங்கள். தரை வீட்டில் இருந்து, ஏற்கெனவே 24 லிட்டர் பட்டறைக் கம்ப்ரசர் வைத்திருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நல்ல ரெகுலேட்டர் ஒன்றும், எண்ணெய் ஊற்றும் வகையானால் எண்ணெய் வடிகட்டி ஒன்றும் சேர்த்தால் போதும். சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள்.

நம் ஊரில் காற்றைப் பற்றிப் பேசினால் ஈரத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஒரு சிறு கணக்கு. 30 பாகை செல்சியஸில், ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் 1.2 கன மீட்டர், அதாவது 29 கிராம் நீர். தொட்டியில் 3 பார் காட்டும்போது காற்று நான்கில் ஒரு பங்காக அமுங்கியிருக்கிறது. அந்தச் சிறிய இடம், சூடு ஆறியபின், 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மிச்சம் 20 கிராம், நான்கு தேக்கரண்டி தண்ணீர், எங்காவது வழிந்தாக வேண்டும். தொட்டியில் வழிந்தால் நல்லது. ஹோஸுக்குள் வழிந்தால் உங்கள் பளபளப்பான சிவப்பின் மேல் துப்பும்.

கம்ப்ரசரில் பொருத்தி வரும், காற்றின் நீரைப் பிடிக்கும் ஈரப்பொறி மட்டும் போதாது என்பதற்குக் காரணமும் இதுதான். பம்பிலிருந்து வரும் காற்று அந்த இடத்தில் இன்னும் சூடாக இருக்கிறது, நீர் ஆவியாகவே கடந்துவிடுகிறது. ஹோஸில் ஆறும்போதுதான் துளியாகிறது. எனவே 3 மீட்டர் ஹோஸ் போட்டு, ஏர்பிரஷின் அடியில் சிறிய இரண்டாவது பொறி ஒன்றைத் திருகுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடியுங்கள். வடியாமல் விட்டால் உள்ளே துரு, பிறகு அந்தத் துருவே தூசாக வரும்.

ஈரத்தின் இன்னொரு சேட்டை லேக்கரில் விழும் வெண்படலம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. மாலை மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் பளபளப்பு லேக்கர் அடித்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஒரு சிறு ஈரப்பதமானி வாங்கி மேசையில் வையுங்கள். 80க்கு மேல் காட்டினால் பளபளப்பை நாளைக்குத் தள்ளுங்கள்; முற்பகல் பத்து மணிக்கு மேல், மழை மேகம் திரளுமுன் அடியுங்கள். தள்ள முடியாதென்றால் சாதாரணத் தின்னருக்குப் பதில் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னர், அல்லது தின்னரில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில துளி. படலம் விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள். காய்ந்தபின், காற்று உலர்ந்த நேரத்தில், லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிய பனியாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் மறையும்.

கலவை விகிதம் பெயிண்டுக்குப் பெயிண்ட் மாறும். மிஸ்டர் கலர் போன்ற லேக்கருக்கு ஒரு பங்கு பெயிண்ட், ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர். தமியா அக்ரிலிக்குக்கு ஒன்றுக்கு ஒன்று, அதன் சொந்தத் தின்னரில். வல்லேஹோ என்ற தண்ணீர் அக்ரிலிக்கின் ஏர் வரிசை ஏறக்குறைய தயாராகவே வருகிறது. நம் சூட்டுக்கு, ஓட்டத்தைச் சீராக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் திரவம் இரண்டு மூன்று துளி சேர்த்தால் முனையில் காய்வது குறையும். வல்லேஹோவில் ஆல்கஹாலோ லேக்கர் தின்னரோ கலந்தால் ரப்பர் போல் திரளும், நாசிலுக்குள் திரண்டால் அன்றைய வேலை அத்தோடு போச்சு. விகிதத்தை விட நம்பகமான சோதனை: கப்பின் சுவரில் பெயிண்டைத் தூரிகையால் ஏற்றிவிடுங்கள். ஆடை எடுத்த பால் போல் மெல்லிய படலம் விட்டு வழிய வேண்டும். தயிர் மாதிரி ஒட்டி நின்றால் கெட்டி, தண்ணீராய் ஓடிச் சுவர் தெளிந்தால் அதிகம் நீர்த்துவிட்டது.

அழுத்தம், மாடல் வேலைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ., அதாவது 1 முதல் 1.4 பார். நன்றாக நீர்த்து மெல்லிய கோடு இழுக்க 10 முதல் 12. துணிக்கு 35 முதல் 45, நிறம் நூலுக்குள் இறங்க வேண்டும் என்பதால். காய்ந்தபின் இஸ்திரிப் பெட்டிச் சூடும் வேண்டும். மானியை விசையை அழுத்திக் காற்று ஓடும்போது படியுங்கள். ஓடாதபோது 20 காட்டுவது ஓடும்போது 15க்கு இறங்கலாம். தூரம், கோட்டுக்கு 2-3 சென்டிமீட்டர், பரப்புக்கு 8-10.

என்ன தவறினால் எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் சொல்லலாம். சிலந்திக் கால் போல் பெயிண்ட் ஓடினால் ஒரே இடத்தில் அதிகம் விட்டீர்கள், அல்லது அதிகம் நீர்த்துவிட்டது. மேற்பரப்பு மணலாகச் சொரசொரத்தால் தூரம் அதிகம், பெயிண்ட் வழியிலேயே காய்ந்துவிட்டது. ஆரஞ்சுத் தோல் போல் மேடுபள்ளம் என்றால் கெட்டி. பெயிண்ட் விரிந்து விழும் விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசி வளைந்திருக்கிறது, அல்லது நாசில் வாயில் காய்ந்த துணுக்கு. கைப்பிடிக்குள் பெயிண்ட் கசிந்தால் ஊசி அடைப்பு வளையம் தளர்ந்திருக்கிறது.

கப்பில் குமிழ் வருவதுதான் அதிகம் கேட்கப்படுவது. காற்று நாசிலைச் சுற்றி வெளியே போக வேண்டியது, வழி தவறிப் பெயிண்ட் பாதைக்குள் நுழைகிறது என்று பொருள். முன்மூடி தளர்ந்திருக்கலாம், நாசில் சரியாக உட்காராமல் இருக்கலாம், நாசில் வாய் பிளந்திருக்கலாம். முதல் இரண்டும் கழற்றி மாட்டினால் தீரும். மூன்றாவதற்குப் புது நாசில். ஊசியை வேகமாக முன்னால் தள்ளி மாட்டுகிறவர்களின் நாசில்தான் அதிகம் பிளக்கிறது. ஊசி நாசிலைத் தொட்டதும் நிறுத்துங்கள், குத்தாதீர்கள்.

நிறம் மாற்றும்போது முழுக்கக் கழற்ற வேண்டாம். கப்பைத் துடைத்து, தின்னர் ஊற்றி, முன்மூடியைத் துணியால் லேசாக அடைத்து விசையை இழுத்தால் காற்று பின்னால் திரும்பி உள்ளே கொப்பளிக்கும். இரண்டு முறை செய்து தெளிவாக வரும் வரை வெளியே அடியுங்கள். நாள் முடிவில் ஊசியை எடுத்துத் துடைத்து, பல்லிடுக்குத் தூரிகையால் கப்பின் தொண்டையைச் சுத்தம் செய்யுங்கள். முழுக் கருவியையும் இரவெல்லாம் தின்னரில் ஊறவைக்கும் பழக்கம் வேண்டாம், வளையங்கள் கெடும். விசை கனத்தால் ஏர்பிரஷுக்கான மசகு ஒரு சொட்டு. மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெய் பெயிண்டில் கலந்தால் மீன்கண் போல் வட்டக் குழிகள் விழும்.

முகக்கவசத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். துணிக் கவசமும் மருத்துவக் கவசமும் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் கொண்ட அரைமுகக் கவசம் வேண்டும். தண்ணீர் அக்ரிலிக்குக்கும் அதே துகள் வடிகட்டி தேவை, மணமில்லை என்பதால் துகள் இல்லை என்று ஆகாது. ஏர்கான் போட்டு மூடிய படுக்கையறையில் லேக்கர் அடிக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும் ஸ்பிரே பெட்டி வையுங்கள், சமையலறை அடுப்பிலிருந்து தள்ளி. தலைக்கவசத்துக்கு அடிக்கும் இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் கடினமான நிறமற்ற மேற்பூச்சில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது; வீட்டில் அதைத் தொடாமல் கார் பெயிண்ட் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கருவி வந்த முதல் நாள் பொம்மையைத் தொடாதீர்கள். கப்பில் தண்ணீரும் இரண்டு சொட்டு எழுதும் மையும் விட்டு, பழைய நாளிதழில் அடியுங்கள். முதலில் புள்ளிகள், ஒரே அளவில் வரும்வரை. பிறகு அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடுகள். பிறகு, ஒரு முனை கறுத்து மறுமுனை மறையும் பட்டைகள். தாள் நனைந்து கிழிந்தால் அதிகம் இழுக்கிறீர்கள். இந்தத் தண்ணீர் ஓட்டத்திலேயே குமிழ், கசிவு, கோணல் விசிறி எல்லாம் தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.